பழைய லாரியின் டீசல் பம்பில் ரேக் ஜாம் ஆனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லாரிகளின் டீசல் பம்பில் ரேக் இறுகிப்போவது பற்றி ஓட்டுநர்களும், வண்டி உரிமையாளர்களும், பம்பு வேலை பழகும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் சொல்லப்படுவதெல்லாம் இன்லைன் பம்புக்கு மட்டுமே பொருந்தும். அதாவது, ஆறு சிலிண்டருக்கு ஆறு எலிமென்ட் வரிசையாக நிற்கும் பம்பு. ரோட்டரி பம்பும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரயிலும் வேறு அமைப்புகள். அவற்றுக்கு இந்த முறைகளைப் பயன்படுத்தக் கூடாது.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரேக் ஜாம் என்று வரும் பம்புகளில் பெரும்பாலானவற்றில் ரேக்கில் ஒரு குறையும் இருப்பதில்லை. வேறு ஏதோ ஒரு பாகம் ரேக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அது எது, ஏன் பிடித்தது என்று பார்க்காமல் பம்பையே மாற்றிவிடுவதால், பணமும் போய், அடுத்த மழைக்காலத்தில் அதே கோளாறும் திரும்பி வருகிறது.

ரேக் ரேக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, அது பம்புக்குள்ள எங்க இருக்கு, என்ன வேலை செய்யுது?

இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எலிமென்ட் உண்டு. எலிமென்ட் என்பது பேரலும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரும் சேர்ந்த ஜோடி. கீழேயுள்ள கேம் ஷாஃப்ட் பிளஞ்சரை மேலே தள்ளுகிறது, ஸ்பிரிங் அதைக் கீழே இறக்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு எப்போதும் மாறாது. ஆனால் பிளஞ்சரின் தலைப்பக்கத்தில் சாய்வாக வெட்டிய ஒரு பள்ளம் இருக்கிறது. பிளஞ்சர் தன் அச்சில் எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து, அந்தப் பள்ளம் பேரலின் துளையைச் சீக்கிரமாகவோ தாமதமாகவோ திறந்துவிடுகிறது. நாசிலுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு, போகும் டீசலின் அளவு அப்படித்தான் கூடிக் குறைகிறது.

எல்லாப் பிளஞ்சர்களையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்புவதுதான் ரேக்கின் வேலை. அது பம்பின் நீளத்துக்கு ஓடும் பல் வெட்டிய ஒரு தண்டு. ஒவ்வொரு பிளஞ்சரையும் சுற்றியுள்ள ஸ்லீவின் பல்லோடு அது கோத்திருக்கும். ஒரு முனை, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோடு இணைந்திருக்கும். அதன் மொத்த நகர்வு சுமார் 20 மில்லிமீட்டர்தான். வண்டியை நிறுத்துவதிலிருந்து முழு லோடில் மேடேறுவது வரை எல்லாம் அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 1927-இல் பாஷ் நிறுவனம் தொடர் உற்பத்தியைத் தொடங்கிய காலத்திலிருந்து இதன் அடிப்படை பெரிதாக மாறவில்லை. நம் ஊரில் இதை மைக்கோ பம்பு என்று சொல்லக் காரணம், 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம். 2008-இல் அது பாஷ் என்றே பெயர் மாறியது, ஆனால் பட்டறைகளில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

ரேக் ஜாம்னு வெளியில இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரேக் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஸ்டாப் நிலையில் நின்றுவிட்டால், எவ்வளவு நேரம் ஸ்டார்ட்டர் அடித்தாலும் இன்ஜின் பிடிக்காது, சைலன்சரில் புகையும் வராது. நடுவில் நின்றால், வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் இன்ஜின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; ஸ்டாப் வயரை இழுத்தாலும் அணையாது. அதிக டீசல் பக்கம் நின்றுவிட்டால் ஸ்டார்ட் ஆன உடனேயே ரேஸ் ஏறும், அதாவது இன்ஜின் வேகம் கட்டுக்கடங்காமல் கூடும். இந்த மூன்றாவது நிலை ஆபத்தானது என்பதால் அதைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முழுதாக ஜாம் ஆகாமல் கனமாக மட்டும் நகர்ந்தால், ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இன்ஜின் வேகம் ஏறி இறங்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் குறைய நேரமெடுக்கும். பலர் இதை ஆக்சிலேட்டர் ராடின் கோளாறு என்று நினைத்து அதற்கு கிரீஸ் வைத்துக்கொண்டே காலம் கடத்துகிறார்கள். ராடைப் பம்பின் லீவரிலிருந்து கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

ஸ்டார்ட் ஆகல. ஏர் லாக்கா, ரேக்கா?

ஏர் லாக் என்றால் டீசல் வரும் வழியில் காற்று அடைத்து நிற்பது. முதலில் அந்த ஏரை எடுத்துப் பாருங்கள். ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் மேலுள்ள ஹேண்ட் பிரைமரைக் கையால் அடித்தால், குமிழியோடு வரும் டீசல் கொஞ்ச நேரத்தில் சுத்தமாக வரும். அதை மூடிவிட்டுப் பம்பின் பக்கத்திலுள்ள ஏர் ஸ்குருவிலும் அதையே செய்யுங்கள். இரண்டு இடத்திலும் குமிழி இல்லாத டீசல் வந்தால், பம்பின் உள்ளே டீசல் நிறைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, நாசில் பக்கத்திலுள்ள பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். பம்பின் உள்ளே டீசல் நிறைந்திருந்தும் ஆறு பைப்பிலும் சொட்டுகூட வரவில்லை என்றால், ரேக் ஸ்டாப் நிலையில் நிற்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டாப் வயர் உள்ளே சிக்கி, லீவரை இழுத்தபடியே பிடித்திருப்பதும் உண்டு. பம்பைத் தொடுவதற்கு முன் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஐந்தில் டீசல் வந்து ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால், அந்த ஓர் எலிமென்ட்டையோ, அதன் மேலிருந்து டீசலை நாசில் பைப்புக்கு விடும் டெலிவரி வால்வையோ பார்க்க வேண்டும்.

பம்பைக் கழற்றாமலே ரேக்கைப் பார்க்க முடியுமா?

முடியும், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கவர்னருக்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது பம்பின் கப்ளிங் பக்கத்தில், ரேக்கின் முனைமேல் ஒரு சிறிய மூடி இருக்கும். சுற்றிலும் டீசல் விட்டு நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு அதைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் மண் உள்ளே போனால் நாமே புதிய கோளாறை உண்டாக்கியவர்கள் ஆவோம். சில பம்புகளில் அந்த இடத்தில் மூடிக்குப் பதிலாக ஸ்டாப்பர் அமைப்பு சீல் வைத்து இருக்கும். அப்படி இருந்தால் அதைத் தொடாமல், பக்கவாட்டுக் கவர் வழியாகப் பாருங்கள்.

இன்ஜின் நின்றிருக்கும்போது, மெக்கானிக்கல் கவர்னர் உள்ள பம்பில் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் ரேக்கை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளி வைத்திருக்கும். ஒருவர் ஸ்டாப் லீவரைத் தள்ளிப் பிடிக்க, ரேக்கின் முனை தயங்காமல் ஸ்டாப் பக்கம் போக வேண்டும்; விட்டவுடன் தானாகவே முழுதாகத் திரும்ப வேண்டும். விரல் நுனியால் மெல்லத் தள்ளினால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டுமே தெரிய வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தட்டுப்பட்டு, பிறகு குதித்துப் போனால் அது ஜாமின் தொடக்கம். இந்தச் சோதனையை இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் சுற்றி, நாலைந்து இடங்களில் செய்யுங்கள், ஏனென்றால் ஒரு பிளஞ்சர் குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் பிடிப்பது சாதாரணமாக நடக்கிறது.

ஒரே ஒரு எலிமென்ட் பிடிச்சா மொத்த ரேக்கும் நிக்குமா?

நிற்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். ஆறு ஸ்லீவும் ஒரே ரேக்கின் பல்லில் கோத்திருக்கின்றன. ஒரு பிளஞ்சர் பேரலுக்குள் திரும்ப மறுத்தால், அதன் ஸ்லீவ் திரும்பாது, ஸ்லீவ் திரும்பாவிட்டால் ரேக் நகராது, ரேக் நகராவிட்டால் நல்ல நிலையிலுள்ள மற்ற ஐந்தும் அப்படியே நிற்கும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று படுத்துவிட்டால் வண்டி நகராததைப் போன்றது இது.

எது பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பம்பின் பக்கவாட்டுக் கவரைத் திறந்தால் ஆறு ஸ்பிரிங்கும் வரிசையாகத் தெரியும். இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் பம்பு ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு முறை அமுங்கி, ஒரு முறை விரிய வேண்டும். பிடித்த பிளஞ்சரின் ஸ்பிரிங் மட்டும் அமுங்கியபடியே இருக்கும். கேம் இறங்கிய பிறகும் பிளஞ்சர் மேலேயே நின்றுவிட, அதன் அடிக்கும், கேமின் மேல் நின்று அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி தெரியும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் அடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் டேப்பெட் கீழிருந்து பிளஞ்சரின் அடியில் வந்து மோதும். அடி உடைந்து துண்டு கேம் அறைக்குள் விழுந்தால் பம்பு முழுவதும் கெட்டுவிடும். ஆகவே ஓர் எலிமென்ட் பிடித்திருப்பது தெரிந்த பிறகு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

வண்டி மூணு மாசம் சும்மாதான் நின்னுச்சு. ஓடாத வண்டியில எப்படி ஜாம் ஆகும்?

ஓடாமல் நின்றதால்தான் ஆனது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் இரண்டு, மூன்று பங்கு அளவுதான். அந்த இடைவெளியை நிரப்பி நிற்கும் டீசல் படலமே அதற்கு எண்ணெய். அந்த டீசலில் தண்ணீர் கலந்திருந்தால், வண்டி நிற்கும்போது துளித்துளியாகப் பிரிந்து எஃகின் மேல் உட்காருகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு துரு பிடித்தாலே அவ்வளவு சிறிய இடைவெளி அடைபட்டுவிடும்.

தண்ணீர் வரும் வழிகள் பல. பாதி காலியான டேங்க்கின் உட்சுவரில் இரவில் பனிபோல் ஈரம் சேரும்; டேங்க் மூடியின் வாஷர் போயிருந்தால் மழைநீர் இறங்கும்; கேனில் வாங்கி வைத்த டீசலோடும் வரும். இரண்டாவது காரணம் பிசின். நாள்பட்ட டீசல் காற்றோடு சேர்ந்து மங்கலான மஞ்சள் பசையாகப் படியும். துருவில் பிடித்த பிளஞ்சரில் செம்பழுப்புக் கோடுகள் இருக்கும். பிசினில் பிடித்ததில் வார்னிஷ் பூசியதுபோல் ஒரே சீராகப் பளபளக்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொள்வது அவசியம். பிசினில் பிடித்தது கழுவினால் பெரும்பாலும் பிழைத்துவிடும், துருவில் பிடித்தது பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஸ்டார்ட் பண்ணதும் ரேஸ் ஏறிடுச்சு, ஸ்டாப் வயர் இழுத்தாலும் நிக்கல. அந்த நேரத்துல என்ன செய்யணும்?

இதற்கு யோசிக்க நேரம் இருக்காது, எனவே முன்கூட்டியே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். டீசல் இன்ஜினுக்கு சாவியைத் திருப்பி அணைக்கும் தீப்பொறி கிடையாது. டீசலும் காற்றும் வரும்வரை அது ஓடும். ரேக் அதிகப் பக்கம் மாட்டிக்கொண்டால் கவர்னர் ஒன்றும் செய்ய முடியாது, வேகம் ஏறிக்கொண்டே போய் வால்வும் பிஸ்டனும் மோதும் அல்லது கனெக்டிங் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

நீங்கள் சீட்டில் இருந்தால், டாப் கியரைப் போட்டு, ஃபுட் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் முழுதாகப் பிடித்துக்கொண்டு கிளட்சை விடுங்கள். ஆரம்பத்திலேயே செய்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது. நீங்கள் இன்ஜின் அருகில் இருந்தால், காற்று போகும் வழியை அடையுங்கள். ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டின் வாயில் தட்டையான கனத்த பலகையை வைத்து அழுத்த வேண்டும். உள்ளங்கையை வைக்கவே கூடாது. லேசான துணியை வைத்தால் அது உள்ளே இழுக்கப்பட்டுவிடும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் அதை அந்த வாயில் அடிக்கலாம்.

டேங்க் காக்கை மூடினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருக்கும் டீசல் தீரும்வரை இன்ஜின் ஓடும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பைத் தளர்த்துவதும் வேண்டாம். நாசில் திறக்கும் அழுத்தமே 200 பார் அளவு. அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சிதறினால் சூடான சைலன்சரில் தீப்பிடிக்கும். விரலில் டீசல் துளைத்திருந்தால், காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

நெடுநாள் நின்ற வண்டியை முதன்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், மேலே சொன்ன ரேக் சோதனையை முடித்துவிட்டு, ஏர் ஹோஸைத் தளர்த்தி, பலகையோடு ஒருவரை நிறுத்தி வையுங்கள். இதைக் கேட்டுச் சிரிக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் ஓர் இன்ஜின் ரேஸ் ஏறி உடைந்ததை இன்னும் பார்த்ததில்லை.

பக்கக் கவரைத் திறந்து மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வச்சா விட்டுடுமா?

பிசினில் பிடித்திருந்தால் ஊற வைப்பது பயன்படும். ஆனால் மண்ணெண்ணெய்க்கு எண்ணெய்த் தன்மை குறைவு. அதை மட்டும் விட்டு பிளஞ்சரை நகர்த்தினால் வறட்சியில் கீறல் விழும். சுத்தமான டீசலோடு துரு இளக்கும் எண்ணெயைச் சேர்த்து, டெலிவரி வால்வு ஹோல்டரைக் கழற்றி மேலிருந்தும், ஸ்லீவ் பக்கம் கீழிருந்தும் விட்டு, ஓர் இரவு விடுவது நல்லது. மறுநாள் ரேக்கை விரலால் முன்னும் பின்னும், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போதும் என்று, பொறுமையாக ஆட்டுங்கள்.

ஊற வைத்த திரவம் கீழே கேம் அறைக்குள்ளும் இறங்கியிருக்கும். அங்குள்ள ஆயிலை வடித்து மாற்றாமல் வண்டியை ஓட்டக் கூடாது.

சுத்தியல்ல லேசா தட்டி விட்டா வந்துடுதே, அதுல என்ன தப்பு?

வந்துவிடுகிறது என்பது உண்மைதான். ரேக்கின் முனையில் தட்டும்போது அந்த அடி முழுவதும் பிடித்திருக்கும் ஒரே ஸ்லீவின் இரண்டு மூன்று பற்களில் இறங்குகிறது. பல் நசுங்கலாம், ரேக் கண்ணுக்குத் தெரியாமல் வளையலாம், அல்லது ஸ்லீவோடு பல்வளையத்தை இறுக்கியிருக்கும் கிளாம்ப் நழுவலாம். கிளாம்ப் நழுவினால் ரேக் சுகமாக ஓடும், எல்லோரும் மகிழ்ச்சி அடைவார்கள். ஆனால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் டீசல் அளவு மாறியிருக்கும். அது ஸ்டாப் நிலையிலும் டீசலைத் தள்ளிக்கொண்டிருந்தால் இன்ஜின் அணையாமல் இழுத்துக்கொண்டு ஓடும். தட்டி விடுவித்த பம்பை, டீசல் அளவைச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றாமல் மாட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பிளஞ்சர் மேலே நின்றிருந்தால், ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டை மரக்குச்சியால் மெல்லக் கீழே அழுத்திப் பார்க்கலாம். மரத்துக்கு வராதது ஸ்க்ரூ டிரைவருக்கும் முறையாக வராது.

பிடிச்ச பிளஞ்சரை மட்டும் இன்னொரு பழைய பம்புல இருந்து எடுத்துப் போட்டுக்கலாமா?

பிளஞ்சரை மட்டும் போடக் கூடாது. ஒவ்வொரு பிளஞ்சரும் அதன் பேரலோடு சேர்த்தே தேய்த்துப் பொருத்தப்பட்டது. இரண்டும் ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் ஜோடி மாறினால் ஒன்று பிடிக்கும், அல்லது கசியும். பேரலோடு சேர்த்து முழு எலிமென்ட்டாக மாற்றலாம். அதிலும், ஐந்து தேய்ந்திருக்க ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் பெஞ்சில் அளவைச் சமப்படுத்துவது கடினம். மற்ற ஐந்தின் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நியாயம்.

எலிமென்ட் நல்லதா என்பதைக் கையிலேயே சோதிக்கலாம். சுத்தமான டீசலில் கழுவி, பேரலைச் சுமார் 60 டிகிரி சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வெளியே இழுத்து விடுங்கள். அது தன் எடையாலேயே, நிற்காமல், ஒரே சீராக உள்ளே இறங்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எல்லாப் பக்கத்திலும் இதைப் பாருங்கள். ஓரிடத்தில் தயங்கினாலும் அந்த ஜோடியைப் பயன்படுத்தாதீர்கள். விரலின் வியர்வை பட்ட இடத்தில் துரு பிடிக்கும் என்பதால், தேய்த்த பரப்பைத் தொடாமல் அடிப்பக்கத்தைப் பிடித்தே வேலை செய்யுங்கள்.

டெலிவரி வால்வு வாஷர் மாத்தினேன், அதுவரை ஃப்ரீயா இருந்த ரேக் இப்ப டைட்டா இருக்கு. ஏன்?

ஹோல்டரை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள். டெலிவரி வால்வு ஹோல்டர் பேரலின் தலைமேல்தான் உட்காருகிறது. நீண்ட பைப்பைச் சொருகி ஸ்பேனரை இழுத்தால், பேரல் மயிரிழையிலும் சிறிய அளவு நெளிந்து பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். கசிவு நிற்கவில்லை என்று இன்னும் இறுக்குவார்கள், இன்னும் பிடிக்கும். ஹோல்டரைத் தளர்த்தியவுடன் ரேக் ஃப்ரீ ஆனால் காரணம் இதுதான். உட்காரும் பரப்பைச் சுத்தம் செய்து, புதிய வாஷர் போட்டு, அந்தப் பம்பின் கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். ஒவ்வொரு ஹோல்டரை இறுக்கிய பிறகும் ரேக்கை ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், எது பிடிக்கிறது என்று தேட வேண்டியிராது.

ஒரு சிலிண்டர் அடிக்கல. எலிமென்ட் பிடிச்சிருக்கா, நாசில் பிடிச்சிருக்கா?

ஐடிலில் ஓடும்போது பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக, மேலே துணி சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, அரைச் சுற்று மட்டும் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். நான் மேலே எச்சரித்தது ரேஸ் ஏறிய இன்ஜினுக்கு. ஐடிலிலும் வெறும் கையை அந்த நட்டின் அருகே கொண்டுபோகக் கூடாது. நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் மாறும். அடிக்காத சிலிண்டரில் மாறாது. அந்த நட்டில் டீசல் துடித்துத் துடித்து வந்தால் பம்பு தன் வேலையைச் செய்கிறது, நாசிலைக் கழற்றிச் சோதியுங்கள். டீசல் வரவில்லை என்றால் எலிமென்ட் அல்லது டெலிவரி வால்வு.

டெலிவரி வால்வு திறந்தபடி மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பைப்பில் அழுத்தம் தங்காமல், காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும், அந்தச் சிலிண்டரில் புகை கூடும். ரேக் மட்டும் ஃப்ரீயாகவே இருக்கும்.

ஐடில்ல வண்டி 'உம்... உம்...'னு ஏறி இறங்கிட்டே இருக்கு. கவர்னர் போச்சுன்னு சொல்றாங்க.

கவர்னரைக் குறை சொல்வதற்கு முன் ரேக்கின் கனத்தைப் பாருங்கள். வேகம் குறையும்போது கவர்னர் ரேக்கைத் தள்ளுகிறது. ரேக் கனமாக இருந்தால் உடனே நகராமல், விசை கூடிய பிறகு தேவைக்கு மேல் குதிக்கிறது. வேகம் ஏறுகிறது, கவர்னர் திரும்ப இழுக்கிறது, மறுபடி தாமதம், மறுபடி குதிப்பு. ரேக் ஃப்ரீயாக இருந்தும் ஏறி இறங்கினால், டீசலில் ஏர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கவர்னரின் பின், புஷ் தேய்மானத்துக்கு வாருங்கள்.

என் வண்டியில கவர்னர்ல லெதர் டயாபிரம் இருக்கு. அதுக்கும் இதே சோதனையா?

கொஞ்சம் வேறுபடும். பழைய வண்டிகள் சிலவற்றில் காற்றுக் குழாயின் வெற்றிடத்தால் இயங்கும் கவர்னர் இருக்கிறது. அதில் ஸ்பிரிங் ரேக்கை முழு டீசல் பக்கம் தள்ளுகிறது, வெற்றிடம் டயாபிரத்தை இழுத்து அதைக் குறைக்கிறது. டயாபிரம் கிழிந்தாலோ, வெற்றிடக் குழாய் கழன்றாலோ, ரேக்கில் எந்தப் பிடிப்பும் இல்லாமலே ரேஸ் ஏறும். ஆகவே இந்த வகையில் ரேஸ் ஏறினால், ரேக் ஜாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்ஜின் நின்றிருக்கும்போது வெற்றிடக் குழாயைக் கவர்னரிலிருந்து கழற்றி, ஸ்டாப் லீவரை முழுதாகத் தள்ளிப் பிடித்து, குழாய் மாட்டும் வாயை விரலால் அடைத்து, லீவரை விடுங்கள். டயாபிரம் நன்றாக இருந்தால் ரேக் சற்றே நகர்ந்து அங்கேயே நிற்கும். கிழிந்திருந்தால் தடையில்லாமல் முழு டீசல் பக்கம் ஓடிவிடும். விரலை எடுத்த பிறகும் ரேக் நகராமல் நின்றால், அப்போது அது ரேக் ஜாம்.

பம்புல ஆயில் ஏறிக்கிட்டே இருக்கு, டீசல் வாசனை வருது. இதுக்கும் ஜாமுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. தனி ஆயில் ஊற்றும் பம்புகளில், தேய்ந்த எலிமென்ட் வழியாகக் கசியும் டீசல் கேம் அறையில் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஆயிலில் கேமும் டேப்பெட்டும் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் கவர்னர் பக்கமும் ரேக்கின் புஷ்ஷிலும் போய்ச் சேரும். ஆயில் அளவு கூடினால் மகிழ்ச்சியடையாமல், வடித்து மாற்றி, எலிமென்ட்டைச் சோதிக்கக் கொடுங்கள். இன்ஜின் ஆயிலே பம்புக்கும் ஓடும் அமைப்பு என்றால், கசியும் டீசல் இன்ஜின் ஆயிலையே கெடுத்துவிடும். அது இன்னும் பெரிய செலவு.

பி.எஸ். 6 டீசல் வந்த பிறகுதான் பழைய பம்பெல்லாம் பிடிக்குதுன்னு சொல்றாங்களே? டூ-டி ஆயில் கலந்தா சரியாகுமா?

பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கான அரசு விதி. அதன்படி டீசலிலுள்ள கந்தகம் 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), பி.எஸ். 6 வந்த 2020 ஏப்ரல் முதல் 10 பிபிஎம் என்று குறைந்தது. கந்தகம் எண்ணெயாக வேலை செய்ததில்லை. அதை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலுக்கு வழுவழுப்பைத் தரும் வேறு சில பொருள்களும் சேர்ந்து போய்விடுகின்றன. அதை ஈடுசெய்யவே சுத்திகரிப்பு நிலையத்தில் மருந்து சேர்க்கிறார்கள், தேய்மானச் சோதனையில் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. ஆகவே, முறையான பெட்ரோல் பங்கில் வாங்கும் டீசல் பிளஞ்சரைப் பிடிக்க வைக்கும் என்ற பயம் தேவையில்லை. பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவு வரலாம், அது வேறு கோளாறு. உண்மையில் பயப்பட வேண்டியது மண்ணெண்ணெய் கலந்த மலிவு டீசலுக்கு.

டூ-டி ஆயிலை, அதாவது டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான ஆயிலை, கொஞ்சம் கலப்பதால் இந்தப் பழைய பம்புகள் கெடுவதில்லை. ஆனால் அது தண்ணீரை வெளியேற்றாது, துருவையும் கரைக்காது. அந்தப் பணத்துக்கு ஃபில்டர் வாங்குங்கள் என்பதே என் பதில்.

பம்பைக் கழற்றித்தான் ஆகணும்னா எதைக் கவனிக்கணும்? கேலிபரேஷன் கட்டாயமா?

கழற்றுவதற்கு முன் முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கப்ளிங்கிலும் பம்பு உடலிலும் உள்ள குறிகளைப் பார்த்து, தெளிவாக இல்லை என்றால் நீங்களே குறி வைத்துக்கொள்ளுங்கள். பைப் வரிசையையும் எழுதி வையுங்கள். 1-5-3-6-2-4 என்று வெடிக்கும் இன்ஜினில் இரண்டு பைப் இடம் மாறினால், நல்ல பம்பையே கெட்டது என்று திருப்பி அனுப்புவீர்கள். திறந்த வாய்கள் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள்.

எலிமென்ட் மாற்றினாலோ, கிளாம்ப்பைத் தளர்த்தினாலோ கேலிபரேஷன் கட்டாயம். ஆறு எலிமென்ட்டும் 60 டிகிரி இடைவெளியில் டீசலைத் தள்ளத் தொடங்குகின்றனவா, ஆறும் சம அளவு தருகின்றனவா என்பதைப் பெஞ்சில் மட்டுமே அளக்க முடியும். ஐ.எஸ்.ஓ. 4113 சோதனை எண்ணெய், 40 டிகிரி வெப்பம் என்று அதற்கு ஒழுங்கு இருக்கிறது. பழைய டீசலை ஊற்றி ஓட்டிக் காட்டும் பெஞ்சின் அளவை நம்ப வேண்டாம். பக்கக் கவரை மட்டும் திறந்து, ஊற வைத்து, விரலால் விடுவித்திருந்தால் பெஞ்ச் இல்லாமலும் ஓட்டிப் பார்க்கலாம்.

பம்பு வேலை முடிச்சு மாட்டி ஒரு மாசம்கூட ஆகல, மறுபடி அதே எலிமென்ட் பிடிச்சிருக்கு. பம்புக்காரர் ஏமாத்திட்டாரா?

அவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் டேங்க்கின் அடி பிளக்கைக் கழற்றி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவான ஒரு படலமாகத் தண்ணீர் நின்றாலோ, இடையில் கருப்புக் கசடு மிதந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. ஒரே எலிமென்ட் மறுபடி பிடித்திருப்பதால் அதன் ஹோல்டர் இறுக்கத்தையும், பேரல் உட்காரும் பரப்பில் குப்பை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எலிமென்ட் பிடித்தால் டீசலையே சந்தேகப்பட வேண்டும்.

டேங்க்கைக் கழற்றிக் கழுவி, ஃபீட் பம்பின் கிண்ணத்தையும் சல்லடையையும் சுத்தம் செய்து, இரண்டு ஃபில்டரையும் மாற்றுங்கள். முதல் ஃபில்டர் துணி அல்லது ஃபெல்ட், இரண்டாவது காகிதம். காகிதத்தைக் கழுவிப் போடக் கூடாது, கழுவிய காகிதம் கிழிந்து அழுக்கை நேராகப் பிளஞ்சருக்கு அனுப்பும். அதன்பின், ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதை வாரம் ஒரு முறையும், மழைக்காலத்தில் தினமும், வண்டி எடுப்பதற்கு முன் செய்யுங்கள். நெடுநாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை இன்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி, ஸ்டாப் வயரை இழுத்து அணையுங்கள். அது முழு நீளத்துக்கும் ரேக்கை ஒரு முறை நகர்த்திவிடும்.